பன்னிரண்டாவது தோப்புக்கரணம்

வலிக்கவில்லை. நம்ப முடியாமல் மூன்றாவது முறையாகக் கிளட்சை அழுத்திவிட்டு விடுகிறேன், வண்டி நியூட்ரலில்தான் நிற்கிறது, செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டில் இன்னும் நாலு பேர் ஏற வேண்டும், அதற்குள் இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்று அழுத்துகிறேன்... இடது முட்டி வழுக்கிக்கொண்டு போய்வருகிறது, ஒரு முனகல் இல்லை, ஒரு குத்தல் இல்லை. வெள்ளிக்கிழமை போட்ட ஊசி. இரண்டு நாளைக்குக் காலுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று அந்த கிளினிக் டாக்டரம்மா சொன்னபடி சனியும் ஞாயிறும் கட்டிலிலேயே கிடந்தேன், என் சம்சாரம் ரேணுகா சாப்பாட்டைக்கூடக் கட்டிலுக்கே கொண்டுவந்தாள், அப்போதும் எனக்கு நம்பிக்கை இல்லை, இன்று திங்கட்கிழமை, மணி ஆறு பத்து, முட்டி என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. சந்தோஷமாக இருக்க வேண்டாமா? இருக்கிறேன். இருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். எட்டரைக்குப் படூர் ஷெட்டில் டிரைவர்களுக்கு வருஷாந்திர ஃபிட்னஸ் டெஸ்ட். கண், சர்க்கரை, பிரஷர் மூன்றையும் ஒரு டாக்டர் வந்து பார்ப்பார், கால்களை மட்டும் எங்கள் முதலாளி தன் முறையில் பார்ப்பார், ஷெட்டின் வேப்பமரத்தடிப் பிள்ளையார் முன்னால் பன்னிரண்டு தோப்புக்கரணம். குந்தி எழுந்தவனுக்கு இன்னொரு வருஷம் வண்டி உண்டு. குந்த முடியாதவனுக்கு... வரதன் கதை ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வரதனும் நானும் ஒரே நாளில் இந்த ஸ்டாஃப் பஸ் வேலைக்குச் சேர்ந்தவர்கள். போன வருஷம் அவன், முட்டி பிடித்துக்கொள்கிறது சார் என்று நல்ல மனசோடு போய்ச் சொன்னான். நல்ல மனசோடுதான் அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நாள் உட்கார்ந்து ட்ரிப் ஷீட் எழுது என்றார்கள், எழுதினான், அப்புறம் ட்ரிப் ஷீட் எல்லாம் போனிலேயே வந்துவிட்டது, இப்போது மறைமலைநகர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டைத் திறந்துவிடுகிறான். போன மாதம் ஒரு முகூர்த்தத்துக்குப் போனேன், எனக்கும் அவன்தான் திறந்துவிட்டான். "வா தீனா, வண்டி நல்லா போவுதா?" என்றான், கேட்டுவிட்டு என் இடது காலை ஒரு பார்வை பார்த்தான். நேராகத்தானே நடந்தேன்? நொண்டவில்லையே? பந்தியில் உட்கார்ந்த பிறகும் அதே யோசனை, பாயசம் என்ன ருசி என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது... "குட் மார்னிங் அங்கிள்" என்கிறாள் கவியா, கடைசியாக ஏறுகிறவள் எப்போதும் அவள்தான், தலை இன்னும் ஈரம், எனக்கு இடப்பக்கம் முதல் சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு கொளவாய் ஏரி கண்ணில் படுவதற்குள் தூங்கிவிடுவாள். சிறுசேரியில் நான்தான் எழுப்ப வேண்டும். கதவைச் சாத்திவிட்டு ஃபர்ஸ்ட் கியர் போடுகிறேன், கிளட்சை விடுகிறேன், வண்டி ஒரு துள்ளு துள்ளிப் புறப்படுகிறது. என்ன இது? ரெண்டு நாள் ஓட்டாத கால், அப்படித்தான் இருக்கும். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் வண்டி துள்ளாமல் எடுக்கத் தெரியாதா எனக்கு.

திருப்போரூர் ரோட்டில் இந்த நேரத்துக்கு லாரிதான் அதிகம், முன்னால் போகிற லாரிக்காரன் மெதுவாகப் போக நானும் மெதுவாகப் போகிறேன், செகண்ட், தேர்ட், மறுபடி செகண்ட்... போன வாரம் வரைக்கும் இந்த ரோடு எனக்கு நரகம். ஒவ்வொரு கியருக்கும் ஒரு குத்தல். சட்டியில் நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள் ரேணுகா, ஒரு மாதம். முடக்கத்தான் தோசை, அது இரண்டு மாதம், மச்சான் திருவேங்கடம் வேடந்தாங்கல் பக்கத்திலிருந்து கீரையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டான். அவனே ஒரு தைலமும் கொண்டுவந்தான், அதைத் தடவிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தால் ஏசி பஸ் முழுக்க வாசனை, யாரோ டிரான்ஸ்போர்ட் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார்கள், பஸ்ஸில் ஏதோ மருந்து நாற்றம் என்று. பயந்துபோய் அன்றோடு தைலத்தை நிறுத்தினேன். அதற்கப்புறம்தான் நீ-கேப், முட்டியில் மாட்டுகிற உறை. அது ஒரு கூத்து. வீட்டில் ரேணுகா ஜாக்கெட் தைக்கிறவள், தெருவில் பாதிப்பேரின் அளவு அவள் நோட்டில் இருக்கிறது, முட்டிக்கு அளவெடுக்க இன்னொருத்தியா வேண்டும்? டேப்பைச் சுற்றிப் பிடித்தாள், ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள், மெடிக்கல் ஷாப்பில் அந்தச் சீட்டைக் காட்டினேன், அந்த அளவுக்கு எக்ஸெல்தான் வரும் என்று எடுத்துக் கொடுத்தான். பேன்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு ஓட்டினேன், தையூர் தாண்டும்போது முட்டியில் இல்லை, கெண்டைக்காலில் இருந்தது, படூர் வருவதற்குள் ஷூ மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து கத்தினேன். அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "ஒன்றரை இஞ்ச் லூசு வுட்டு எழுதிட்டேங்க. எல்லாருக்கும் வுடறா மாதிரியே கை பழக்கத்துல எழுதிட்டேன். ஒடம்புக்கு இறுக்கமா தெச்சு எனக்குப் பழக்கமே இல்லியே." நானும் சிரித்துவிட்டேன், ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். அப்புறம் அவளே அதை மெஷினில் போட்டுப் பிடித்துத் தைத்தாள், தையல் முட்டிக்குப் பின்னால் அறுத்து ஒரு சிவப்புக் கோடு விழுந்தது, இன்னும் இருக்கிறது அந்தக் கோடு.

இரண்டு பக்கமும் கம்பி வைத்த பெல்ட் ஒன்று உண்டு, கடைக்காரன் காட்டினான், நல்ல பிடிமானம்தான், ஆனால் பேன்ட்டுக்கு மேல் புடைத்துக்கொண்டு தெரியும். கைத்தடி? டிரைவர் கைத்தடியோடு வந்து ஏறினால் நாற்பது பேரில் ஒருவர் ஏறுவாரா? எதை எடுத்தாலும் முதல் கேள்வி வலி குறையுமா என்பதாக இருக்கவில்லை, வெளியே தெரியுமா என்பதாகவே இருந்தது... கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு ஓபியில் மூன்று மணி நேரம் நின்று, படம் எடுத்துக்கொண்டு, மறுபடி நின்று. அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், என்னை அவசரப்படுத்தாமல் பேசினார். தேய்ஞ்சிருக்கு, மாத்துற ஆபரேஷன் பண்ற அளவுக்கு இன்னும் வரல, தொடையில பலம் ஏத்தணும், எடை கொறைக்கணும், கிளட்ச் வண்டி ஓட்றத நிறுத்தணும் என்றார். இன்னா வேலை பாக்கறீங்க என்று அதற்கப்புறம்தான் கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "கிளட்ச் இல்லாத வண்டி எதுனா இருந்தா கேட்டுப் பாருங்களேன்" என்றார். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்துப் பத்து எண்ணுகிற வரை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார், காலையில் இருபது, சாயந்திரம் இருபது, மூணு மாசம் விடாம பண்ணா வித்தியாசம் தெரியும் என்றார். பதினோரு நாள் பண்ணினேன். ஃபிட்னஸுக்கு மூன்று மாதம் இருந்ததா என்ன? மூன்று வாரம்தான் இருந்தது. அதனால்தான் வேறு தெருவில் வேறு கிளினிக், ஊசி. "இது சரி பண்ற ஊசி இல்லைங்க, அமுக்கி வைக்கிற ஊசி. வலி இல்லைன்னு காலைப் போட்டு அடிச்சீங்கன்னா உள்ள இன்னும் கெட்டுப்போவும். சும்மா சும்மா போடவும் முடியாது" என்று டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். தலையாட்டினேன். இப்போதும் ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், எதிரே வருகிற லாரிக்காரன் எனக்கு வணக்கம் சொல்கிறான்.

கிளட்ச் இல்லாத வண்டி. இருக்கிறது, டாக்டர். எங்கள் ஷெட்டிலேயே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் பேட்டரி பஸ் ஒன்று வந்து இறங்கியது, வெள்ளையும் பச்சையும், கிளட்சும் இல்லை கியரும் இல்லை, இரண்டே பெடல். சூப்பர்வைசர் ஜெபசிங் நேராக என்னிடம்தான் வந்தார். எல்லார் முன்னாலும் கேட்டார். "அண்ணாத்த, சீனியர் நீதான். புது வண்டிய நீ எட்த்துக்கிறியா?" நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி என்று ஒரு வார்த்தை. சொன்னேனா? ஏன் என்னைக் கேட்கிறார், காலைப் பார்த்துவிட்டாரா, வரதனை அனுப்பிய மாதிரி முதலில் நைசாகப் பேசுகிறாரா என்று உள்ளுக்குள் கிடுகிடுவென்று ஓடியது, வாய் அதுபாட்டுக்கு, "அத்த பசங்களுக்குக் குடு சார், கிளட்ச் இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா, பொம்ம காரு" என்றது. ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன், முதுகில் தட்டிக்கொடுத்தார்கள், கெத்தாக இருந்தது. வண்டி ஹேமந்துக்குப் போயிற்று, முப்பது வயசு, முட்டி இரண்டும் இரும்பு. ஒரு நாள் அவன் நாஸ்தா வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், என் இடது கால் தானாகவே தரையில் பெடலைத் தேடியது, அங்கே ஒன்றும் இல்லை, வெறும் ரப்பர் விரிப்பு. காலை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டேன். ஒரு பெடல் இல்லாததற்கு எனக்குக் கண் கலங்கியது, யாரிடம் சொல்வது இதை? ரேணுகாவிடம் சொன்னேன். "போய்க் கேளுங்களேன், இன்னா ஆயிடப் போவுது" என்றாள். கேட்டால் ஏன் என்பார்கள். பொம்ம காருன்னு சொன்னியே அண்ணாத்த, இப்போ இன்னாத்துக்கு என்பார்கள். ஏன் என்றால் முட்டி. முட்டி என்றால் வரதன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு வரதன்தான் நிற்கிறான்.

திருப்போரூர். கோவில் பக்கம் பார்த்து நெஞ்சைத் தொட்டுக்கொள்கிறேன், அதற்குள் சிக்னல், நிறுத்தி மறுபடி எடுக்கும்போது மறுபடியும் ஒரு துள்ளல். பின்சீட்டில் யாரோ தண்ணீர் பாட்டிலைக் கீழே போடுகிறார்கள், அது உருண்டுகொண்டே முன்னால் வருகிறது. கிளட்ச் பிளேட் போய்விட்டதா? போன மாதம்தானே மாற்றினார்கள்... தையூரில் மெதுவாகப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறேன், புதிதாக லைசென்ஸ் எடுத்தவன் மாதிரி, என்னமோ சரியில்லை, வண்டியில் இல்லை, எங்கே என்று தெரியவில்லை. கேளம்பாக்கம் ஜங்ஷனில் சிவப்பு. எனக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர், ஒருவன் ஓட்ட, பின்னால் ஒரு பெண் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறாள், மடியில் டிபன் பை, கூந்தலில் நேற்றைய கனகாம்பரம். பச்சை விழுகிறது. ஸ்கூட்டர் கிளம்பவில்லை, அவன் உதைத்துக்கொண்டிருக்கிறான். நான் கியரைப் போட்டுக் கிளட்சைப் பாதி விட்டு வைத்துக்கொண்டு நிற்கிறேன், எப்போதும் நிற்கிற மாதிரிதான், இந்தப் பிடியில் நான் ஒரு நிமிஷம்கூட அசையாமல் நிற்பேன்... வண்டி பாய்கிறது. வலது கால் பிரேக்கில் முழுசாக இறங்குகிறது, இன்ஜின் அணைந்துபோகிறது, பஸ் முழுக்க ஒரு முறை முன்னால் வந்து பின்னால் போகிறது. கண்ணாடிக்குக் கீழே எட்டிப் பார்க்கிறேன். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்க்கிறாள், அவள் முழங்கைக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். திட்டவில்லை. டிபன் பையை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். ஸ்கூட்டர் கிளம்பிப் போகிறது, பின்னால் அத்தனை ஹாரனும் ஒன்றாக அடிக்கிறது, எனக்குச் சாவியைத் திருப்ப வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. "என்னாச்சு அங்கிள்?" கவியா நெற்றியைத் தேய்த்துக்கொள்கிறாள், முன்னால் இருக்கிற கம்பியில் இடித்துக்கொண்டிருக்கிறாள், புருவத்துக்கு மேல் சிவந்திருக்கிறது. "ஒண்ணுமில்லம்மா, ஸ்கூட்டர்காரன் நின்னுட்டான். வலிக்குதா?" "பரவால்ல அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் கவியா மறுபடியும் கண்ணை மூடிக்கொள்கிறாள். மறுபடியும்.

இப்போது தெரிந்துவிட்டது. படூர் வரைக்கும் தெரியாத மாதிரி நடித்துப் பார்க்கிறேன், நடிக்க முடியவில்லை. இரண்டு வருஷமாகக் கிளட்சை விடும்போது சரியாக வண்டி பிடிக்கிற இடத்தில்தான் முட்டி குத்தும். குத்தியதும் ஆக்ஸிலேட்டர் கொடுப்பேன். முன்னே எல்லாம் கால் எதை வைத்துக் கண்டுபிடித்ததோ, அதை எப்போதோ மறந்துவிட்டிருக்கிறது, குத்தலுக்காகக் காத்திருந்து காத்திருந்து அதையே அடையாளமாக வைத்துக்கொண்டுவிட்டது. இன்றைக்குக் குத்தல் இல்லை, காலுக்கு இடம் தெரியவில்லை. யாரிடம் சொன்னால் நம்புவார்கள் இதை? வலி இருந்தால் என்றைக்காவது முட்டி பிடித்துக்கொண்டு வண்டியை யார் மேலாவது ஏற்றிவிடுவேன் என்று பயந்துதானே ஊசிக்குப் போனேன்... பொய். தோப்புக்கரணத்துக்காகப் போனேன். சிறுசேரியில் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள், தேங்க்ஸ் அங்கிள், தேங்க்ஸ் அண்ணா. கவியா தானாகவே எழுந்து இறங்குகிறாள், இன்றைக்கு எழுப்பத் தேவையே இல்லாமல், நெற்றியில் அந்தச் சிவப்போடு.

ஷெட்டில் வண்டியை விட்டதும் வழக்கமாக எல்லோரும் பிள்ளையாருக்கு மூன்று தோப்புக்கரணம் போட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்கள். எட்டு மாதமாக நான் போட்டது தோப்புக்கரணமே இல்லை, தலையில் குட்டிக்கொண்டு, காதைத் தொட்டு, இடுப்பை ஒரு வளை வளைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன், பின்னால் யாராவது வந்தால் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிவேன். சாமிக்கே டிமிக்கி கொடுத்தவன். இன்றைக்கு எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள். கண் நன்றாக இருக்கிறதாம், சர்க்கரை கொஞ்சம் தூக்கலாம், பிரஷர் பரவாயில்லையாம். எண்ணுவதற்கு ஜெபசிங், அவர் பிள்ளையாரைக் கும்பிடாதவர், அதனால் பக்தி மிகுதியில் எண்ணிக்கை தப்பாது என்று முதலாளி அந்த வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறார். ஹேமந்த் இப்போதுதான் பன்னிரண்டையும் தண்ணி குடிக்கிற மாதிரி போட்டுவிட்டு மூச்சுக்கூட வாங்காமல் நிற்கிறான். "அடுத்து நம்ம தீனதயாளன் அண்ணாத்த" என்கிறார் ஜெபசிங்.

கைகளை மாற்றிக் காதைப் பிடித்துக்கொள்கிறேன். ஒண்ணு. குந்துகிறேன், எழுகிறேன். ஒன்றும் இல்லை. ரெண்டு. மூணு. எட்டு மாதமாகக் கொடுக்க வேண்டியது எல்லாம் இன்றைக்கே போய்ச் சேருகிறது. ஆறு. யாரோ, "பாருடா, அண்ணாத்த இளந்தாரியாட்டம் போடுது" என்கிறார்கள். பிள்ளையாரே, நான் பொய் சொல்கிறேன், இந்தக் கால் என்னுடையது இல்லை, வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டு வந்தது... ஒன்பது. கொளவாயிலிருந்து சிறுசேரி வரை நம்பித் தூங்குகிற பெண். ஒரு சாண். பத்து. நாளைக்கும் இதே கிளட்ச், நாளன்றைக்கும் இதே கிளட்ச், ஊசியின் வேகம் போனால் வலி திரும்பிவரும், அப்போது எதைச் சொன்னாலும், பன்னெண்டு போட்டியே அண்ணாத்த, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோமே என்பார்கள். பதினொண்ணு. எழுந்தால் ஒரு வருஷம் உள்ளே. பன்னெண்டு என்கிறார் ஜெபசிங், நான் கீழே இருக்கிறேன்.

கீழே இருந்து பார்த்தால் பேட்டரி பஸ்ஸின் முன்சக்கரம் மட்டும் தெரிகிறது. "அவ்ளோதான், எய்ந்திரு அண்ணாத்த." எழ முடியும். அதில் ஒரு சந்தேகமும் இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. சார், முட்டி சார், என்று மூன்று வார்த்தை, தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. வரவேண்டாம், வார்த்தையே வேண்டாம், ஒரு குத்தல் வந்தால் போதும், பக்கவாட்டில் சாய்ந்துவிடுவேன், எல்லோரும் பார்த்துவிடுவார்கள், நான் எதையும் சொல்ல வேண்டி இருக்காது. இரண்டு வருஷமாக எண்ணெயும் உறையும் ஊசியும் வைத்துத் துரத்தியதை, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, வா என்று வாய்க்குள்ளேயே கூப்பிடுகிறேன்... வரவில்லை. முட்டி சொல்லிவிடும் என்றுதானா இத்தனை நாளும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்? ஜெபசிங் குனிந்து என் தோளைத் தொடுகிறார். "இன்னா அண்ணாத்த, இன்னாவோ சொன்னியே?" என்கிறார். சொல்ல வேண்டியதை நான் இன்னும் சொல்லவில்லை.